பின்னணிப் படமும் செய்திதான்

கேள்வி: நான் ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். அண்மையில் இரவு ஷிஃப்டில், பஞ்சாபில் ஆயுதக் கடத்தல் வழக்கில் மூவர் கைதானதாக ஏஜென்சி செய்தி வந்தது. கிராஃபிக்ஸ் பிரிவினர் பொற்கோயிலையும் வாளேந்திய நிஹங்குகளின் (சீக்கியப் போர்வீரப் பிரிவினர்) ஊர்வலத்தையும் பின்னணியில் வைத்து, 'காலிஸ்தான் சதி?' என்று தலைப்புப் போட்டார்கள். ஏஜென்சி செய்தியில், சீக்கியர்களுக்குத் தனி நாடு கேட்கும் இயக்கத்தைக் குறிக்கும் காலிஸ்தான் என்ற சொல்லே இல்லை. சீக்கியர்களின் மனம் புண்படும் என்று நான் சொன்னேன். "போன வாரம்தானே லங்கர் (குருத்வாராக்களில் எல்லோருக்கும் வழங்கும் இலவச உணவு) பற்றி நல்ல ஸ்டோரி போட்டோம், நாம் என்ன அவர்களுக்கு எதிரியா?" என்று ஷிஃப்ட் பொறுப்பாளர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் அளவுக்கு மீறி யோசிக்கிறேனா? இத்தகைய செய்திகளை எப்படிக் கையாள வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அளவுக்கு மீறி யோசிக்கவில்லை. ஆனால் வாதாடத் தேர்ந்தெடுத்த இடம் பலவீனமானது. 'மனம் புண்படும்' என்று சொன்ன உடனேயே பேச்சு செய்தியின் தரத்தை விட்டு நகர்ந்து பெருந்தன்மைக் கணக்குக்குப் போய்விடுகிறது. அந்தப் பேரேட்டில் லங்கர் ஸ்டோரியை வரவு வைத்துவிட்டு இந்தத் தலைப்பைச் செலவெழுதிவிடலாம். உங்கள் பொறுப்பாளர் செய்ததும் அதுதான். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ஏஜென்சி தராத ஒரு தகவலை நாம் எங்கிருந்து எடுத்தோம்? பொற்கோயில் அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட இடமா? ஊர்வலத்தில் நடப்பவர்களில் யாராவது கைதானவர்களா? இவற்றுக்கெல்லாம் 'இல்லை' என்பதே பதில் என்றால், திரையில் போனது பிழையான செய்தி. தலைப்பின் முடிவில் கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்ற நம்பிக்கை நம் தொழிலில் வெகுகாலமாக இருக்கிறது. பார்ப்பவர் கேள்விக்குறியை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. படத்தையும் அந்த ஒரு சொல்லையும்தான் வைத்துக்கொள்கிறார்.

பின்னணிப் படத்தை அலங்காரம் என்று கருதுவதால் வருகிற கேடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015-இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று பாரிஸில் தாக்குதல்கள் நடந்த உடனேயே, கனடாவில் வசிக்கும் ஒரு சீக்கிய இளைஞரின் படம் இணையமெங்கும் சுற்றத் தொடங்கியது. குளியலறைக் கண்ணாடி முன் ஐபேடைப் பிடித்துக்கொண்டு அவர் முன்பு எப்போதோ எடுத்திருந்த செல்ஃபி அது. யாரோ அந்த ஐபேடைக் குர்ஆனாக மாற்றி, உடம்பில் வெடிகுண்டு அங்கியையும் ஒட்டியிருந்தார்கள். ஸ்பெயினின் 'லா ராஸோன்' நாளிதழ் அதைத் தாக்குதல்காரர்களில் ஒருவரின் படம் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்த இளைஞர் பாரிஸ் நகரை மிதித்தவரே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால், சுவரில் இருக்கும் மின் பிளக் பிரான்சில் இருக்கும் வகை அல்ல என்பதும், 'குர்ஆன்' அட்டையில் ஒரு கேமராக் கண் இருப்பதும், தலைப்பாகையின் கட்டு சீக்கியருடையது என்பதும் தெரிந்திருக்கும். பக்கத்தை முடித்து அனுப்பும் அவசரத்தில் இருந்தவர்களுக்குத் தலைப்பாகையும் தாடியும் போதுமான சான்றாகிவிட்டன.

2001 செப்டம்பர் 12 அன்று, அதாவது நியூயார்க் தாக்குதலுக்கு மறுநாள், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ரயிலிலிருந்து ஒரு சீக்கியரைக் காவல்துறை இறக்கிக் கைவிலங்கிட்டு அழைத்துச் சென்ற காட்சியும் இப்படித்தான் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பானது. தாக்குதலோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. சீக்கியர்கள் மத வழக்கப்படி அணியும் குறுவாளான கிர்பானை வைத்திருந்ததற்காகப் போட்ட ஆயுத வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. கைதுக் காட்சிக்குக் கிடைத்த நேரம் விடுதலைச் செய்திக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 15 அன்று அரிசோனா மாநிலம் மேசாவில், தமது பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ரயில் காட்சிதான் இந்தக் கொலைக்குக் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரம் முழுவதும் தலைப்பாகையையும் பயங்கரவாதத்தையும் ஒரே சட்டகத்துக்குள் காட்டிக்கொண்டிருந்த திரைகளுக்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று அனுதாபத்தோடு எழுதுகிறவர்களிடமே வருகிறது. 2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை காலை, விஸ்கான்சின் மாநிலம் ஓக் க்ரீக் நகரின் குருத்வாராவுக்குள் வெள்ளை இனவெறியன் ஒருவன் புகுந்து சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அன்று படுகாயமடைந்து படுத்த படுக்கையான ஒருவர் 2020-இல் காலமானார். வந்த செய்திகளில் பல, 'முஸ்லிம்கள் என்று தவறாக நினைத்துச் சீக்கியர்களைக் கொன்றுவிட்டான்' என்ற தொனியில் எழுதப்பட்டன. கொலையாளி அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தான். அவனுடைய நோக்கத்தை உறுதியாகக் கண்டறிய முடியவில்லை என்று கூறியே எஃப்.பி.ஐ. விசாரணையை முடித்தது. அப்படியிருக்க, 'தவறாக நினைத்து' என்பது செய்தி அறையின் ஊகம் மட்டுமே. அந்த ஊகத்துக்குள் இன்னொரு பொருளும் ஒளிந்திருக்கிறது: இலக்கு சரியாக இருந்திருந்தால் இந்தச் செயல் புரிந்துகொள்ளக்கூடியது என்பது. சீக்கியர்களுக்காகப் பரிந்து எழுதுவதாக நினைத்துக்கொண்டு முஸ்லிம்கள் பக்கம் துப்பாக்கியைத் திருப்பிவிடும் வாக்கியம் அது. சீக்கியர்கள் சீக்கியர்களாகவே வெறுக்கப்படக்கூடும் என்பதை ஏற்று, அவர்கள் மீதான வெறுப்புக் குற்றங்களை எஃப்.பி.ஐ. தனி வகையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 2015-இல்தான்.

இனி உங்கள் பொறுப்பாளரின் லங்கர் வாதத்துக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான்.

இந்தியத் திரையில் சீக்கியருக்கு நாலைந்து வேடங்கள்தான் உண்டு. எல்லையைக் காக்கும் வீரர், அன்னமிடும் கொடையாளி, முரட்டு லாரி ஓட்டுநர், எதற்கெடுத்தாலும் ஆடிப்பாடும் கோமாளி, பிறகு பிரிவினைவாதி. இவற்றில் முதல் இரண்டும் நல்லவைதானே என்று தோன்றும். ஆனால் பாராட்டுவதும் சந்தேகிப்பதும் ஒரே அச்சிலிருந்துதான் வருகின்றன. இரண்டிலும் தனி மனிதர் இல்லை, ஓர் இனத்தின் மாதிரி மட்டுமே இருக்கிறது. சீக்கியரைப் 'போர் இனம்' என்று வகைப்படுத்திப் புகழ்ந்தது பிரிட்டிஷ் ராணுவம் தனது ஆள்சேர்ப்பு வசதிக்காக. அந்தப் பட்டத்தை நாம் இன்றும் கழற்றாமல் வைத்திருக்கிறோம். தேசபக்தி ஒருவருடைய பிறவிக் குணமாகக் காட்டப்படும்போது, அவர் அன்றாடம் அதை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியவராகிறார். ஒரு நாள் தவறினால் அடுத்த வேடம் தயாராக இருக்கிறது.

எவ்வளவு விரைவில் வேடம் மாறும் என்பதைக் கிரிக்கெட் பார்ப்பவர்கள் அறிவார்கள். 2022 செப்டம்பர் 4 அன்று துபாயில், ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சைத் தவறவிட்டார். ஆட்டம் முடிந்த சூட்டோடு அவருடைய விக்கிப்பீடியா பக்கத்தில் அவரைக் காலிஸ்தானோடு இணைத்துத் திருத்தம் செய்தார்கள்; மத்திய அரசே விக்கிப்பீடியாவிடம் விளக்கம் கேட்கும் அளவுக்கு விஷயம் போனது. கேட்சை விடாத கிரிக்கெட் வீரர் உண்டா? 2024 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தில் பணியில் இருந்த ஒரு சீக்கிய ஐ.பி.எஸ். அதிகாரி, தலைப்பாகை அணிந்திருப்பதால் என்னைக் காலிஸ்தானி என்பீர்களா என்று பா.ஜ.க. போராட்டக்காரர்களிடம் கேமரா முன்னிலையில் கேட்டார். அப்படிச் சொல்லவே இல்லை என்று அந்தக் கட்சியினர் மறுத்தார்கள். சீருடையும் பதவியும் இருந்தும் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்க நேர்ந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கோமாளி வேடத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஒரு சீக்கியரைக்கூட நேரில் பார்த்திராத தமிழ் வாசகர்களுக்கு, வார இதழ்களின் பக்க ஓரங்களை நிரப்பிய சர்தார்ஜி ஜோக்குகள்தான் பல ஆண்டுகள் அறிமுகமாக இருந்தன. அவற்றைத் தடைசெய்யக் கோரிய மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் நெறிமுறை வகுக்க முடியாது என்று 2017-இல் நீதிபதிகள் கூறினார்கள். சட்டம் அத்தோடு முடிந்தது. எதைப் பிரசுரிப்பது என்று முடிவெடுக்கும் ஆசிரியரின் வேலை அங்கே முடியவில்லை.

ஆகவே லங்கர் ஸ்டோரி, தவறான தலைப்புக்கு ஈடாகாது. லங்கர் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் காசியாபாத் இந்திராபுரம் குருத்வாராவின் வாசலில் கொரோனா நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுத்தது மெய்யான, பெரிய செய்தி. சமநிலைக்காக மட்டும் ஒரு லங்கர் ஸ்டோரியைத் தேடிப் போடும் பழக்கம்தான் வீண்.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்கு 2008 முதல் பஞ்சாபியில் நேர்முக வர்ணனை உண்டு. அதில் பேசிப் பெயர் பெற்ற ஹர்நாராயண் சிங், 2016-இல் தேசிய ஹாக்கி லீக் ஆட்டம் ஒன்றின் ஆங்கில ஒளிபரப்பிலும் பங்கேற்றார். தலைப்பாகையோடு திரையில் தோன்றும் அவர் அங்கே பேசுவது கோல்களைப் பற்றித்தான். நம் திரையில் ஒரு சீக்கியப் பொருளாதார அறிஞரை பட்ஜெட் அன்று, ஒரு சீக்கிய மருத்துவரை டெங்கு பரவும்போது பார்த்தது எப்போது என்று யோசியுங்கள். சீக்கியப் பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சீக்கியர் என்றாலே தலைப்பாகை அணிந்த ஆண் என்று நம் கிராஃபிக்ஸ் மேசை முடிவு செய்துவிட்டது.

உங்கள் மேசைக்கு மிக நெருக்கமான பாடம் விவசாயிகள் போராட்டம். 2020 நவம்பர் இறுதியில் டெல்லி எல்லையான சிங்கு, டிக்ரி ஆகிய இடங்களில் டிராக்டர்கள் வந்து நின்ற சில நாட்களிலேயே, வேளாண் சட்டங்களைப் பற்றிய விவாதம் பல அலைவரிசைகளில் காலிஸ்தான் ஊடுருவலைப் பற்றிய விவாதமாக மாறிவிட்டது. குறைந்தபட்ச ஆதார விலையைப் பற்றிப் பேச வந்தவரிடம் தேசபக்தியைப் பற்றி நெறியாளர் கேட்டார். கசந்துபோன போராட்டக்காரர்கள் சில சேனல்களின் மைக்கைப் பார்த்தாலே விலகிப் போனார்கள். அந்த டிசம்பரில் 'டிராலி டைம்ஸ்' என்று தங்களுக்கென ஒரு செய்தித்தாளையே தொடங்கினார்கள். 2021 ஜனவரி 26 அன்று டிராக்டர் பேரணியின்போது வன்முறை நடந்தது, செங்கோட்டைக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது, இவை உண்மை. ஆனால் அங்கே ஏற்றப்பட்டது காலிஸ்தான் கொடி, தேசியக் கொடி இறக்கப்பட்டது என்று பரவிய இரண்டும் பொய். ஏற்றப்பட்டது எல்லா குருத்வாராக்களிலும் பறக்கும் நிஷான் சாஹிப். தேசியக் கொடி அதன் இடத்திலேயே பறந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், செய்தி ஒளிபரப்பாளர்களின் சொந்தத் தர ஆணையமே, போராட்டத்தைக் காலிஸ்தானோடு இணைத்த ஓர் இந்தி அலைவரிசையின் நிகழ்ச்சிகள் விதிமீறல் என்று கண்டு, அந்தக் காணொளிகளை நீக்கச் சொன்னது. உங்கள் பொறுப்பாளருக்கு மனம் புண்படுவதைவிட இந்த முன்னுதாரணம் விரைவில் புரியும்.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் நழுவவிடக் கூடாது. காலிஸ்தான் வன்முறை கற்பனையல்ல. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டதில் 329 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியை மென்று விழுங்கி எழுதும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பஞ்சாபில் தீவிரவாதிகளின் தோட்டாவுக்குப் பத்திரிகையாளர்களும் பலியானார்கள். நாளிதழ் அதிபர் லாலா ஜகத் நாராயண் 1981-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அந்த வன்முறையை எதிர்த்து நின்றவர்களிலும் அதற்குப் பலியானவர்களிலும் எத்தனையோ பேர் சீக்கியர்கள். கனடாவின் சர்ரே நகரில் பஞ்சாபி வாரஇதழ் நடத்திய தாரா சிங் ஹேயர் 1988-இல் சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் முடங்கினார். அப்போதும் எழுதுவதை நிறுத்தவில்லை. கனிஷ்கா வழக்கில் சாட்சியாகக்கூடிய அவரை 1998 நவம்பரில் வீட்டு கராஜில் வைத்துக் கொன்றார்கள். 2023-க்குப் பிறகு இந்தியா-கனடா உறவு குறித்து நாம் செய்த புல்லட்டின்களில் ஹேயரைப் போன்ற ஒரு கனடியச் சீக்கியர் எங்காவது வந்தாரா? 2021 கணக்கெடுப்பின்படி அங்கே சீக்கியர்கள் 7.7 லட்சத்துக்கும் அதிகம். அத்தனை பேரையும் ஒரு ஊர்வலக் காட்சிக்குள் அடக்கிவிட்டோம்.

எனவே பெயரைத் துல்லியமாக எழுதுங்கள். 'காலிஸ்தானிகள் கைது' என்பதற்குப் பதிலாக, எந்த அமைப்பு, அது தடைசெய்யப்பட்டதா, தொடர்பு இருப்பதாகச் சொல்வது யார் என்று எழுதுங்கள். பப்பர் கல்சா பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்பட்டது; 'சீக்கியர்களுக்கான நீதி' அமைப்பு 2019-இல் சட்டவிரோத அமைப்பாக அறிவிக்கப்பட்டது; இரண்டும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் (UAPA) என்ற ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகள். வெறுமனே கோஷம் எழுப்பியவர் என்றால், இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாளில் காலிஸ்தான் ஆதரவுக் கோஷம் எழுப்பிய இருவரை, அது மட்டுமே தேசத்துரோகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் விடுவித்ததை நினைவில் கொள்ளுங்கள். 'கத்தியுடன் வந்த சீக்கியர்' என்று எழுதும் முன், கிர்பான் அணிவது சீக்கிய மத உரிமையில் அடங்கும் என்று அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவே விளக்கம் தருவதைப் பாருங்கள். ஒரு சின்ன விஷயமும் உண்டு: 'சிங்' என்று இருப்பவரெல்லாம் சீக்கியர் அல்ல. ராஜபுத்திரர்களும் வட இந்தியாவின் வேறு பல சமூகத்தினரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். பெயரைப் பார்த்துத் தலைப்பாகைப் படத்தைத் தேடப் போகும் கையை அங்கேயே நிறுத்துங்கள்.

பின்னணி வரிகளில் 1984, அதாவது இந்திரா காந்தி கொலைக்குப் பின் சீக்கியர்கள் மீது நடந்த தாக்குதல், வரும்போது கூடுதல் கவனம் தேவை. இரு தரப்பு மோதிக்கொண்டதைப் போல 'கலவரம்' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். டெல்லியில் மட்டும் அரசு ஏற்ற கணக்கின்படி 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்த டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றே குறிப்பிட்டது. 'சீக்கியர் படுகொலை' என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. தீன் மூர்த்தி இல்லத்தில் இந்திராவின் உடல் வைக்கப்பட்டிருந்தபோது, 'ரத்தத்துக்கு ரத்தம்' என்ற கூட்டத்தின் கோஷம் தூர்தர்ஷன் நேரலையில் நாடெங்கும் கேட்டது. நேரலையின்போது களத்து ஒலியைக் குறைக்கும் பொத்தான் யார் கையில் இருக்க வேண்டும் என்பது உங்கள் அலுவலகத்திலும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

பொறுப்பாளரிடம் மறுபடியும் பேசுங்கள்; ஆனால் புல்லட்டின் ஓடும் நேரத்தில், பத்துப் பேர் முன்னிலையில் வேண்டாம். ஏஜென்சி பிரதியையும் ஒளிபரப்பான ஸ்க்ரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம்மிடம் இல்லாத தகவல் எது என்று மட்டும் காட்டுங்கள். மதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். அன்றைய ஒளிபரப்பு போய்விட்டது; யூடியூபில் அந்தத் துண்டு இன்னும் இருக்கும். தம்ப்நெயிலையும் தலைப்பையும் மாற்றி, 'காலிஸ்தான்' என்ற டேக்கை எடுத்துவிட்டு, தலைப்பு திருத்தப்பட்டது என்று விவரக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது டிஜிட்டல் பிரிவுக்குப் பத்து நிமிட வேலை.

அதோடு உங்கள் காட்சி நூலகத்தில் 'சீக்கியர்', 'பஞ்சாப்' என்று தேடிப் பாருங்கள். பொற்கோயில், நிஹங் ஊர்வலம், பைசாகி நடனம் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் கிடைக்காவிட்டால், கிராஃபிக்ஸ் பிரிவினரைக் குறைசொல்லிப் பயனில்லை. இருப்பதைத்தான் அவர்கள் எடுப்பார்கள். லூதியானாவின் சைக்கிள், கம்பளி ஆலைகள், மண்டியில் கோதுமை எடை போடுவது, பல்கலைக்கழக வகுப்பறை, நீதிமன்ற வளாகம், காவல் நிலைய முகப்பு ஆகியவற்றின் காட்சிகளை ஏஜென்சியிடமிருந்து வாங்கிச் சரியான குறிச்சொல்லோடு சேர்த்து வைக்கும்படி நூலகப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொற்கோயில் காட்சிகளுக்கு 'வழிபாடு, அமிர்தசரஸ்' என்ற குறிப்பு போதும். 'குற்றம்', 'கைது' என்ற தேடலில் அவை வராதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.